எரிந்தவை போக எஞ்சிய மடிப்புப் புத்தகம்... மாயா மக்கள் வானத்தை எழுதிய கதை!

2012 டிசம்பர் 21. அன்றோடு உலகம் அழியப் போகிறது என்று கிளம்பிய பரபரப்பு நினைவிருக்கிறதா? டி.வி-யில் விவாதம், செல்போனில் வதந்தி, போதாக்குறைக்கு ஹாலிவுட் படம் வேறு. மாயா மக்களின் காலண்டர் அந்தத் தேதியோடு முடிகிறது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

அந்தச் செய்திகளோடு ஓர் ஓவியமும் அடிக்கடி வரும. வானத்தில் நீளமாகக் கிடக்கும் ஒரு முதலை, வாயைப் பிளந்து வெள்ளத்தைக் கொட்டும். அதன் கீழே ஒரு கிழவி, குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றுவாள். அதற்கும் கீழே கறுப்பு உடம்போடு ஒரு தெய்வம், கையில் ஆயுதத்தோடு உட்கார்ந்திருக்கும். பார்த்தாலே கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

அது ஒரு புத்தகத்தின் 74-ஆம் பக்கம். அந்தப் பக்கத்தில் 2012 என்ற பேச்சே கிடையாது. உலகம் முடியப் போகும் தேதியைச் சொல்வதற்காக எழுதப்பட்ட புத்தகமும் அல்ல அது. வெள்ளி எப்போது விடியலில் முளைக்கும், கிரகணம் எந்த நாளில் வரலாம், மழை எப்போது, எந்த நாளில் எந்தத் தெய்வத்துக்கு என்ன படைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு கணக்குக்கும் படம் வரைந்து வைத்த புத்தகம். பஞ்சாங்கமும் ஓவியத் தொகுப்பும் ஒரே அட்டைக்குள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பெயர் டிரெஸ்டன் கோடெக்ஸ். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர நூலகத்தில் இருப்பதால் இந்தப் பெயர். எழுதப்பட்டது அங்கே அல்ல. அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம், இன்றைய மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில், ஸ்பானியர்கள் கால் வைப்பதற்கு முன்பே மாயா மக்கள் எழுதியது. தீக்குத் தப்பி, வெள்ளத்தில் நனைந்து, படிக்க ஆளே இல்லாமல் பல நூறு ஆண்டுகள் கிடந்து, இன்று நம் கைக்குள் இருக்கும் செல்போன் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

மூன்றரை மீட்டர் விசிறி

சின்ன வயதில் நோட்டுப் பேப்பரை முன்னும் பின்னுமாக மடித்து விசிறி செய்திருப்போம். இந்தப் புத்தகமும் அப்படித்தான். முதுகில் தையல் கிடையாது, ஒட்டு கிடையாது. நீளமான ஒரே பட்டை முன்னும் பின்னுமாக மடிக்கப்பட்டிருக்கும். மடித்து வைத்தால் கைக்கு அடக்கமாக இருக்கும். ஒரு தாளின் உயரம் சுமார் 20 சென்டிமீட்டர், அகலம் சுமார் 9 சென்டிமீட்டர். முழுக்க விரித்தால் மூன்றரை மீட்டருக்கு மேல் நீளும். மொத்தம் 39 தாள்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 78 பக்கங்கள். அதில் 4 பக்கங்கள் வெறுமையாக விடப்பட்டவை.

தாள் என்பது நாம் பயன்படுத்தும் காகிதம் அல்ல. அத்தி இனத்து மரத்தின் உள்பட்டையை உரித்து, வேகவைத்து, அடித்துத் தட்டையாக்கிச் செய்தது. அதன்மேல் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு. அந்த வழவழப்பான வெள்ளைப் பரப்பில் தூரிகையால் கறுப்பு, சிவப்பு, நீலம் என்று எழுதியிருக்கிறார்கள். எழுத்து நடையை வைத்துப் பார்த்தால் இது ஒருவர் கை வேலை அல்ல, பலருடையது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

மடிப்பு வெறும் வசதிக்காக மட்டும் அல்ல. நம் புத்தகத்தில் ஒரு நேரத்தில் இரண்டு பக்கங்களைத்தான் பார்க்க முடியும். விசிறி மடிப்பில் வேண்டிய பக்கங்களை எல்லாம் ஒரே வரிசையில் விரித்து வைக்கலாம். பல ஆண்டுகள் ஓடும் ஒரு கணக்கை ஒரே பார்வையில் பார்க்க அதுதான் வழி.

எழுதுவதும் வரைவதும் ஒன்றே

மாயா மொழியில் 'ட்ஸிப்' என்று ஒரு சொல் உண்டு. எழுதுவதற்கும் அதே சொல், வரைவதற்கும் அதே சொல். எழுத்தர் வேறு, ஓவியர் வேறு என்று அவர்கள் பிரிக்கவில்லை.

நமக்கு இது புதிதல்ல. இன்றும் கண்ணுக்கு மை 'எழுதுகிறோம்'. பழந்தமிழில் ஓவியத்தையும் 'எழுதினார்கள்'. பின்னால்தான் நமக்கு அவை இரண்டு வேலைகளாகப் பிரிந்தன.

இந்தப் புத்தகத்தின் கதையே அந்தப் பிரிவைப் பற்றியதுதான். அதை உருவாக்கியவர்களிடம் வானியலும் கணக்கும் எழுத்தும் ஓவியமும் ஒன்றாக இருந்தன. பிற்காலத்தில் அதைப் படிக்க முயன்றவர்களோ ஆளுக்கு ஒரு துறையில் இருந்தார்கள். அதனால்தான் புரிய வைக்க இத்தனை காலம் பிடித்தது.

ஒரு கிளிஞ்சலும் சில புள்ளிகளும்

உள்ளே இருக்கும் கணக்கு அப்படி என்ன கணக்கு? பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போட்டுப் பார்க்கலாம்.

மாயா எண்களுக்கு மூன்றே குறிகள் போதும். புள்ளி என்றால் 1. கோடு என்றால் 5. கிளிஞ்சல் வடிவம் என்றால் பூஜ்யம். நாம் பத்து பத்தாக எண்ணுகிறோம், அவர்கள் இருபது இருபதாக எண்ணினார்கள். எண்ணை மேலிருந்து கீழாக அடுக்குவார்கள். நாள் கணக்கில் அடித்தட்டு ஒன்றுகளுக்கு. அதற்கு மேல் தட்டு இருபதுகளுக்கு. மூன்றாவது தட்டில் மட்டும் ஒரு மாற்றம்: அங்கே 400-க்குப் பதிலாக 360. ஓர் ஆண்டுக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்பதற்காக.

இப்போது ஓர் எண். மேலே ஒரு புள்ளி, நடுவில் இரண்டு கோடும் ஒரு புள்ளியும், கீழே நான்கு புள்ளிகள். மேல் தட்டு 360. நடுத்தட்டு பதினொரு இருபதுகள், அதாவது 220. கீழே 4. கூட்டினால் 584.

இது சும்மா கிடைத்த எண் அல்ல. வானத்தில் வெள்ளி ஒருமுறை விடிவெள்ளியாகத் தோன்றி, மறைந்து, அந்தி வெள்ளியாக வந்து, மறுபடி மறைந்து, மீண்டும் விடிவெள்ளியாக முளைக்க ஆகும் நாள்கள். இன்றைய வானியல் சொல்லும் சராசரி 583.92 நாள்கள். தொலைநோக்கி எதுவும் இல்லாமல் வெறும் கண்ணால் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக் குறித்துவைத்த கணக்கு இது.

அந்த 584-ஐ அவர்கள் நான்காகப் பிரித்தார்கள். விடிவெள்ளியாக 236 நாள்கள், மறைவு 90 நாள்கள், அந்தி வெள்ளியாக 250 நாள்கள், மறுபடி மறைவு 8 நாள்கள். இப்படி ஐந்து சுற்றுகள் போனால் 2,920 நாள்கள். 365 நாள் கொண்ட எட்டு ஆண்டுகளுக்கும் அதே 2,920 நாள்கள்தான். ஆக, எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளியும் ஆண்டும் கைகோத்துக்கொள்ளும்.

ஐந்து சுற்றுகளுக்கு ஐந்து பக்கங்கள், 46 முதல் 50 வரை. அதற்கு முன்னுரை போன்ற பக்கம் 24. '24-க்கு அடுத்து 25 அல்லவா வர வேண்டும்?' என்று கேட்கலாம். இரண்டு துண்டாகக் கிடந்த நிலையில் பிற்காலத்தில் பக்க எண் போட்டதால் வந்த குளறுபடி அது. படிக்கும் வரிசையில் 24-க்கு அடுத்தது 46-தான்.

அந்த ஐந்து பக்கங்களிலும் எண்களோடு படங்களும் உண்டு. நடுவில் வெள்ளிக்குரிய தெய்வம் ஈட்டியை எறியத் தயாராக நிற்கிறது. கீழே ஈட்டி பாய்ந்து விழுந்து கிடக்கும் உருவம். ஒரு பக்கத்தில் அது சோளத்தின் தெய்வம். சோளம்தான் அவர்கள் சோறு. இந்த முறை வெள்ளி முளைக்கும்போது விளைச்சலுக்கு ஆபத்து என்று எண்ணைப் படிக்கத் தெரியாதவருக்கும் படம் சொல்லிவிடும்.

இதைவிட ஆச்சரியம், திருத்தம். உண்மையான சுற்று 584-ஐவிடத் துளி குறைவு என்பதால், காலம் போகப்போகக் கணக்கு பிசகும். அதற்காக, 61 சுற்றுகள் முடிந்தால் 4 நாள்களைக் கழித்துக்கொள் என்பதுபோன்ற வழிமுறையை உள்ளேயே வைத்திருந்தார்கள். 1930-இல் இந்தத் திருத்த முறையை விளக்கியவர் ஜான் டீப்பிள். அவர் வானியலாளரோ தொல்லியலாளரோ அல்ல. அமெரிக்காவைச் சேர்ந்த ரசாயனப் பொறியாளர். ரயில் பயணங்களில் பொழுதுபோக்காக மாயா கணக்குகளைப் போட்டுப் பார்த்தவர்.

அடுத்து வரும் 51 முதல் 58 வரையிலான பக்கங்கள் கிரகணத்துக்கு. 405 அமாவாசைகள், மொத்தம் 11,960 நாள்கள். 177 நாள், 148 நாள் என்று இடைவெளி விட்டு, கிரகணம் நேரக்கூடிய நாள்களை வரிசையாகக் குறித்திருக்கிறார்கள். இந்தப் பக்கங்களை உள்ளிட்ட மாயா வானியலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2011-இல் பெரிய நூலாகக் கொண்டுவந்தவர்கள் ஹார்வி பிரிக்கர், விக்டோரியா பிரிக்கர் தம்பதி. கணவர் தொல்லியலாளர், மனைவி மாயா மொழிகளை ஆய்ந்த மானுடவியலாளர்.

1562: மானி நகரில் மூட்டிய தீ

இப்படிப்பட்ட புத்தகங்கள் ஒன்றிரண்டு அல்ல, நிறையவே இருந்தன. தொல்லியலாளர்கள் பழைய மாயா கல்லறைகளைத் தோண்டும்போது சில இடங்களில் வண்ணம் ஒட்டிய சுண்ணாம்புக் கட்டிகள் கிடைத்திருக்கின்றன. அவையும் ஒரு காலத்தில் புத்தகங்கள்தான். ஈரத்தில் பட்டைத்தாள் மக்கிப்போய், மேலே பூசிய சுண்ணாம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. விரிக்கவும் முடியாது, படிக்கவும் முடியாது.

மண்ணுக்கு மேலே இருந்தவற்றுக்கு வேறு கதி வந்தது. 1562 ஜூலையில், யுகடானின் மானி என்ற ஊரில், டியேகோ டி லாண்டா என்ற ஸ்பானியப் பாதிரியார் மாயா மக்களின் தெய்வ உருவங்களோடு புத்தகங்களையும் குவித்துத் தீ வைத்தார். பேயின் பொய்கள் என்று நினைத்தார். அதைக் கண்டு அந்த மக்கள் பட்ட வேதனையை அவரே தன் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

இன்று உலகில் எஞ்சியிருக்கும் மாயா புத்தகங்கள் நான்கே நான்கு. டிரெஸ்டனில் ஒன்று, ஸ்பெயினின் மாட்ரிட்டில் ஒன்று, பாரிஸில் ஒன்று, மெக்சிகோவில் ஒன்று. பாரிஸ் புத்தகம் 1859-இல் அங்குள்ள நூலகத்தின் அடுப்பு மூலையில், பழைய காகிதங்களோடு ஒரு கூடையில் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. அடுப்பில் விறகோடு போகாமல் தப்பியது அதிர்ஷ்டம்தான்.

புத்தகம் எரிந்ததோடு இழப்பு முடியவில்லை. அதைப் படிக்கத் தெரிந்தவர்களின் பரம்பரையும் அறுந்துபோனது. தாத்தா பேரனுக்குச் சொல்லிக்கொடுத்துவந்த எழுத்து, சில தலைமுறைகளில் யாருக்கும் தெரியாததாகிவிட்டது.

நகல் எடுத்தவர்கள்

1739-இல் டிரெஸ்டன் அரண்மனை நூலகர் யோஹான் கிறிஸ்டியன் கோட்ஸே, வியன்னாவில் ஒருவரிடமிருந்து ஒரு விநோதப் புத்தகத்தை வாங்கி வந்தார். என்ன மொழி, என்ன எழுத்து என்று அப்போது சொல்ல ஆளில்லை. நூலகத்தில் சேர்ந்து தூங்கியது.

1810-இல் அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட் தன் நூலில் இதன் ஐந்து பக்கங்களை அச்சிட்டார். 1820-களில் இத்தாலிய ஓவியர் அகோஸ்டினோ அலியோ முழுப் புத்தகத்தையும் கையால் பார்த்து வரைந்தார். அவரை அமர்த்தியவர் அயர்லாந்துப் பிரபு கிங்ஸ்பரோ. அமெரிக்கப் பூர்வகுடிகள் இஸ்ரேலின் காணாமல்போன இனத்தார் என்று நிரூபிக்கும் ஆசையில், மிகப்பெரிய நூல் தொகுதிகளை அச்சிட்டுச் சொத்தைக் கரைத்தார். காகிதக் கடனை அடைக்க முடியாமல் சிறைக்குப் போய், 1837-இல் அங்கே பிடித்த காய்ச்சலில் இறந்தார். அவர் நம்பியது தவறு. ஆனால், அவர் அச்சிட்ட படங்கள் பிழைத்தன.

அடுத்து, காட்டுக்குள் போன இருவர். அமெரிக்க எழுத்தாளர் ஜான் லாய்ட் ஸ்டீபன்ஸும் ஆங்கில ஓவியர் ஃப்ரெடரிக் காதர்வுட்டும். ஹோண்டுராஸின் கோபான் இடிபாடுகளில் கொசுக்கடிக்கு நடுவே நின்று காதர்வுட் கல்லெழுத்துகளை வரைந்தார். 1841-இல் வெளிவந்த நூலில், அந்தக் கல்லெழுத்தையும் டிரெஸ்டன் புத்தகத்தின் ஒரு பகுதியையும் ஒரே இடத்தில் காட்டினார்கள். இரண்டிலும் ஒரே எழுத்து! காட்டில் நின்ற கல்லும் ஜெர்மன் அலமாரியில் இருந்த புத்தகமும் ஒரே மக்களுடையவை என்பது அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. ஓவியர் துல்லியமாக வரைந்ததால் கிடைத்த விடை.

பிறகு வந்தவர் எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்ட்மன், அதே டிரெஸ்டன் நூலகத்தின் தலைவர். பழைய ஜெர்மானிய ஆட்பெயர், ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். 1880-இல், 58 வயதை எட்டும்போது, இந்தப் புத்தகத்தைப் புகைப்பட முறையில் வண்ணத்தில் அச்சிட்டு வெளியிட்டார். அதோடு நிற்கவில்லை. அலுவலகத்திலேயே இருந்த புதிரை விடுவிக்க உட்கார்ந்தார். இருபது அடிப்படை எண்முறை, கிளிஞ்சல் பூஜ்யம், வெள்ளியின் அட்டவணை என்று ஒவ்வொன்றாக அவிழ்த்தார். மெக்சிகோ பக்கமே போகாமல்!

1945: நெருப்பும் தண்ணீரும்

இரண்டாம் உலகப் போர். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன்மீது குண்டு மழை. நகரமே எரிந்தது. நூலகம் இருந்த ஜப்பானிய மாளிகையும் தாக்கப்பட்டது. நிலவறையில் பத்திரமாக வைத்திருந்த புத்தகம் எரியவில்லை. ஆனால், நிலவறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.

சுண்ணாம்புப் பூச்சின்மேல் எழுதிய எழுத்து தண்ணீரைத் தாங்குமா? பல பக்கங்கள் சேதமாயின. ஓரங்களில் இருந்த உருவங்களும் எழுத்துகளும் கரைந்தன. அந்த இடங்களில் என்ன இருந்தது என்று இன்று தெரிந்துகொள்ள, ஆய்வாளர்கள் ஃபோர்ஸ்ட்மனின் அச்சுப் பிரதியையும் அலியோவின் கை நகலையும்தான் புரட்டுகிறார்கள். 65 ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலகர் எடுத்த பிரதி மூலத்தைக் காப்பாற்றியது என்றுதான் சொல்ல வேண்டும்.

வான்கோழி சொன்ன ரகசியம்

எண்கள் புரிந்தன. எழுத்து? அது இன்னும் வாய் திறக்கவில்லை.

இங்கேதான் வரலாறு ஒரு வேடிக்கை செய்தது. புத்தகங்களை எரித்த அதே லாண்டா, வரம்பு மீறிய புகாருக்குப் பதில் சொல்ல ஸ்பெயினுக்கு அழைக்கப்பட்டார். அங்கே யுகடானைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மாயா 'அரிச்சுவடி' என்று சொல்லி, ஸ்பானிய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மாயா குறியை அதில் கொடுத்திருந்தார். 1864-இல் அது அச்சேறியபோது எல்லோரும் அதை வைத்துப் படிக்கப் பார்த்தார்கள். ஒன்றும் ஓடவில்லை.

1952-இல் சோவியத் ஒன்றியத்தின் லெனின்கிராடில் இருந்த இளம் மொழி ஆய்வாளர் யூரி கினோரோசோவ் முடிச்சை அவிழ்த்தார். ஸ்பானிய மொழியில் பி எழுத்தின் பெயர் 'பே'. லாண்டா 'பே' என்று சொன்னதும், எதிரில் இருந்த மாயா எழுத்தர் 'பே' என்ற ஓசைக்கான குறியை வரைந்து கொடுத்திருக்கிறார். ஆக, அவை ஆங்கில எழுத்து போலத் தனி எழுத்துகள் அல்ல. நம் உயிர்மெய் எழுத்து போல, மெய்யும் உயிரும் சேர்ந்தவை. க், உ என்று தனித்தனியாக இல்லாமல் 'கு' என்று ஒரே குறி. தமிழ் படித்த குழந்தைக்குச் சட்டென்று புரியும் விஷயம் இது.

அதை அவர் சரிபார்த்த விதம் சுவையானது. புத்தகங்களில் வான்கோழி படத்துக்கு மேல் இரண்டு குறிகள். முதலாவது, லாண்டா கொடுத்த 'கு'. இரண்டாவது தெரியாதது. யுகடான் மாயா மொழியில் வான்கோழி 'குட்ஸ்'. அப்படியானால் இரண்டாவது குறி 'ட்ஸு' ஆக இருக்கலாம். சரி, நாய் படத்துக்கு மேல் என்ன? முதலில் அதே 'ட்ஸு' குறி. அடுத்தது லாண்டா கொடுத்த 'லு'. சேர்த்துப் படித்தால் 'ட்ஸுல்'. அந்த மொழியின் பழைய அகராதியில் நாய்க்கு அதுதான் பெயர்!

படம் எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. எழுத்து படத்தின் பெயரைச் சொன்னது. லெனின்கிராடில் உட்கார்ந்து அச்சுப் பிரதிகளை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்தார் அவர். கையில் பூனையோடு முறைத்தபடி நிற்கும் அவருடைய புகைப்படத்தை இன்றும் இணையத்தில் பார்க்கலாம்.

அப்போதும் பலர் ஏற்கவில்லை. மாயா ஆய்வில் பெரும்புள்ளியான எரிக் தாம்சன் கடைசிவரை எதிர்த்தார். ஆனால், 1973 டிசம்பரில் மெக்சிகோவின் பலெங்கேயில் ஒரு கூட்டம் நடந்தது. ஓவியம் கற்பித்துவந்த லிண்டா ஷீலே, கல்லூரி மாணவர் பீட்டர் மாத்யூஸ், மொழியியலாளர் ஃபிலாய்ட் லவுன்ஸ்பரி மூவரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே மதியத்தில் அந்த ஊர் அரசர்களின் வரிசையைக் கல்வெட்டுகளிலிருந்து எடுத்து வைத்தார்கள். ஓவியக் கண், நினைவாற்றல், மொழியறிவு மூன்றும் ஒரே மேசையில் கூடியபோது கதவு திறந்தது.

நான்காவது புத்தகம்: அசலா, போலியா?

மெக்சிகோவில் இருக்கும் நான்காவது புத்தகத்தின் கதை துப்பறியும் படம் மாதிரி. 1960-களில் ஒரு சேகரிப்பாளர் சிறு விமானத்தில் அழைத்துச் செல்லப்பட்டு, காட்டோர ஓடுதளத்தில் அதைக் காட்டினார்களாம். 1971-இல் நியூயார்க்கின் குரோலியர் கிளப்பில் தொல்லியலாளர் மைக்கேல் கோ அதைக் காட்சிக்கு வைத்தார். வெள்ளியின் சுற்று பற்றிய புத்தகத்தின் மிச்சம் அது.

தாம்சன் போலி என்றார். தாள் பழையதாக இருக்கலாம், பழைய வெற்றுத்தாளில் யாரோ புதிதாக வரைந்திருக்கலாமே என்பது வாதம். புதையல் திருடர்கள் எடுத்ததால் எந்தக் குகை, பக்கத்தில் என்ன இருந்தது என்ற சாட்சிகள் எல்லாம் போய்விட்டன. முறையாகத் தோண்டியிருந்தால் அந்தச் சண்டைக்கே இடமிருக்காது.

கடைசியில் பதில் சொன்னது நிறம். மாயா நீலம் என்று ஒன்று உண்டு. அவுரிச் சாயத்தை ஒரு வகைக் களிமண்ணோடு சேர்த்துச் சூடாக்கிச் செய்வது. நூற்றாண்டுகள் போனாலும் மங்காது. அதை ஆய்வுக்கூடத்தில் செய்யக் கற்றதே 1980-களில்தான். 1960-களில் வெளிவந்த புத்தகத்தில் அந்த நீலம் இருக்கிறது என்றால், அதை எந்தப் போலி ஓவியர் செய்திருக்க முடியும்? 2016-இல் கோ, ஸ்டீபன் ஹூஸ்டன், மேரி மில்லர், கார்ல் டாப் நால்வரும் அசல் என்று வாதிட்டார்கள். 2018-இல் மெக்சிகோ அரசின் மானுடவியல், வரலாற்று நிறுவனம் அதை உறுதி செய்தது. 1021-க்கும் 1154-க்கும் இடைப்பட்ட காலத்தது. அமெரிக்கக் கண்டங்களில் எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழைய புத்தகம் அதுதான்.

சுவரில் கிடைத்த ரஃப் நோட்டு

இந்தப் புத்தகங்களை எழுதியவர்களின் அறை எப்படி இருந்திருக்கும்? அதற்கும் ஒரு விடை கிடைத்தது. 2010-இல் குவாத்தமாலாவின் ஷுல்தூன் இடிபாட்டில் ஒரு சிறிய அறையின் வண்ணச் சுவர் வெளிப்பட்டது. வில்லியம் சடர்னோ குழுவினர் தோண்டிப் பார்த்தார்கள். 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அறை. சுவரில் மனித உருவங்கள். அவற்றை ஒட்டி மெல்லிய எழுத்தில் நிலவின் கணக்குகள், அதே 177, 178 நாள் இடைவெளியில்! டிரெஸ்டன் புத்தகத்துக்குச் சில நூற்றாண்டுகள் முந்தைய ரஃப் நோட்டு என்று சொல்லலாம்.

ஆய்வு முடிவு வெளியான ஆண்டு எது தெரியுமா? 2012. அந்தச் சுவரில் இருந்த கணக்குகள் சுமார் 7,000 ஆண்டுகள் வரை நீண்டன. உலகம் முடிகிறது என்று உலகமே பேசிய வருடத்தில், மாயா எழுத்தரின் சுவர் இன்னும் பல்லாயிரம் ஆண்டு பாக்கி இருக்கிறது என்றது.

மறுபடி மடிக்கும் கைகள்

மாயா மக்கள் அழிந்துபோன இனம் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. மெக்சிகோ, குவாத்தமாலா, பெலீஸ் நாடுகளில் மாயா மொழிகளைப் பல லட்சம் பேர் இன்றும் பேசுகிறார்கள். 1980-களின் இறுதியில் லிண்டா ஷீலேயும் ஜெர்மன் ஆய்வாளர் நிகோலாய் குரூபேயும் குவாத்தமாலாவில் மாயா மக்களுக்கே எழுத்துப் பயிற்சி வகுப்புகளைத் தொடங்கினார்கள். மானியில் அறுந்த இழையைப் பேரப்பிள்ளைகள் மறுபடி முடிச்சுப் போடத் தொடங்கியது அப்போதுதான்.

ஓவியர்களும் அந்த மடிப்பை விடவில்லை. மெக்சிகோவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் என்ரிகே சகோயா, அதே பட்டைத்தாளில் விசிறி மடிப்புப் புத்தகங்களைச் செய்கிறார். பழைய தெய்வங்களுக்குப் பக்கத்தில் சூப்பர்மேனும் வருவார். எரிந்துபோன புத்தகங்களில் வரலாறு எப்படி எழுதப்பட்டிருக்கும் என்ற கேள்வியைக் கிண்டலோடு கேட்கும் படங்கள். 1998-இல் அவரும் எழுத்தாளர் கியர்மோ கோமஸ் பெனாவும் கலிபோர்னியாவின் அச்சுக் கலைஞர் ஃபெலிஷியா ரைஸும் சேர்ந்து 'கோடெக்ஸ் எஸ்பாங்லியென்ஸிஸ்' என்ற மடிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். 2020 ஆகஸ்டில் கலிபோர்னியக் காட்டுத்தீயில் ரைஸின் வீடும் அச்சுக்கூடமும் எரிந்தன. ஆனால், இந்த முறை பிரதிகள் ஏற்கெனவே நூலகங்களில் இருந்தன.

டிரெஸ்டன் நூலகம் தன் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து, யாரும் இலவசமாகப் பார்க்கும்படி தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. நூலகத்தின் பெயரோடு கோடெக்ஸ் என்று தேடினாலே போதும். பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 46-ஆம் பக்கத்தில் 584-ஐத் தேடச் சொல்லுங்கள்: மேலே ஒரு புள்ளி, நடுவில் இரண்டு கோடும் ஒரு புள்ளியும், கீழே நான்கு புள்ளிகள். பிறகு 50-ஆம் பக்கம். மேலே ஒரு கோடும் மூன்று புள்ளிகளும், நடுவில் இரண்டு புள்ளிகள், கீழே ஒரு கிளிஞ்சல். எட்டு 360, இரண்டு 20, பூஜ்யம். விடை என்ன என்று அவர்களே கூட்டிச் சொல்லட்டும்.